வாங்கப் போகாதவர்களுக்கான விமர்சனம்

மன்னார்குடிப் பக்கத்துத் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார். பாலிடெக்னிக்கில் ஆட்டோமொபைல் முடித்தவர். டிராக்டர், பைக் பற்றி வீடியோ போட்டுக்கொண்டிருக்கிறார். அடுத்து ஃபெராரி, லம்போர்கினி மாதிரியான சூப்பர்கார் பற்றித் தமிழில் பேச ஆசை. "நல்ல சூப்பர்கார் விமர்சகருக்கு என்னென்ன வேண்டும்? இதையெல்லாம் தமிழில் எப்படிச் சொல்வது? அந்த வண்டிகளே வராத டெல்டாவில் உட்கார்ந்துகொண்டு இது முடியுமா?" என்பது அவர் கேள்வி.

நான் ஷார்ஜாவிலும் துபாயிலும் 17 வருஷம் பட்டறைகளில் வேலை பார்த்தவன். பின்பாதி முழுக்க இத்தாலிய, ஜெர்மன் வண்டிகள். இப்போது திருவிடைமருதூர் பக்கம் சொந்தமாகப் பட்டறை வைத்திருக்கிறேன். அந்த வண்டிகளைக் கழற்றி மாட்டிய கை என்பதால், அவற்றைப் பற்றி வரும் வீடியோக்களை விடாமல் பார்ப்பேன். பதில் கொஞ்சம் நீளமாகத்தான் வரும்.

முதலில், யாரிடம் பேசப் போகிறீர்கள் என்று யோசியுங்கள். ஸ்விஃப்ட்டைப் பற்றி ஒரு வீடியோ போடுகிறீர்கள். பார்க்கிறவர் அடுத்த வாரம் தஞ்சாவூரில் ஷோரூமுக்குப் போவார், ஓட்டிப் பார்ப்பார், நீங்கள் சொன்னது சரியா தப்பா என்று அவருக்கே தெரிந்துவிடும். ஃபெராரி என்றால்? இறக்குமதி வரியும் மற்ற வரிகளும் ஏறி, வெளிநாட்டு விலையைப் போல இரண்டு மடங்குக்கு மேல் இங்கே விலை. உங்கள் வீடியோவைப் பார்க்கிறவர்களில் அநேகமாக யாரும் அதை வாங்கப் போவதில்லை, தொட்டுப் பார்க்கக்கூடப் போவதில்லை. சந்தையில் மாடு பிடிக்கிறவர் பல்லைப் பார்ப்பார், சுழி பார்ப்பார், நாலு எட்டு நடக்கவிட்டுப் பார்ப்பார். அதனால் தரகர் ஒரு அளவுக்கு மேல் கதை விட முடியாது. சூப்பர்கார் வீடியோ பார்க்கிறவருக்கு அந்த வழியே கிடையாது. நீங்கள் சொன்னால் சொன்னதுதான். உங்கள் கண், உங்கள் முதுகு, உங்கள் கை, இவைதான் அவருக்குக் கிடைக்கும் ஒரே சாட்சி. நல்ல விமர்சகருக்கு வேண்டிய மற்ற எல்லாமே எனக்கு இதிலிருந்துதான் தொடங்குகிறது.

எண்களை எடுத்துக்கொள்ளுங்கள். பூஜ்யத்திலிருந்து 100 கிலோமீட்டர் வேகம், 2.9 விநாடி என்று எல்லோரும் சொல்கிறார்கள். எப்படி அளந்தது? அமெரிக்கப் பத்திரிகைகளின் பழைய வழக்கப்படி, வண்டி முதல் ஒரு அடி நகர்ந்த பிறகுதான் கடிகாரத்தை ஓடவிடுவார்கள். நேர்க்கோட்டில் ஓடும் டிராக் (drag) ரேஸ் பாதையில் இருந்து வந்த பழக்கம் அது. அந்த ஒரு அடிக்கே கால் விநாடி போல மிச்சமாகும். ஒரு வண்டியை அந்த முறையிலும் இன்னொன்றை நின்ற இடத்திலிருந்தும் அளந்துவிட்டு இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், அது ஒப்பீடே கிடையாது. டயர் சூடாக இருந்ததா, தளம் பசை தடவிய பந்தயப் பாதையா சாதாரணத் தார்ச்சாலையா, டேங்கில் எந்த ஆக்டேன் பெட்ரோல், அன்றைக்கு வெயில் எவ்வளவு, இதெல்லாம் சொல்லாமல் எண்ணை மட்டும் சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை.

வெயிலைச் சும்மா சொல்லவில்லை. காற்று சூடானால் அடர்த்தி குறையும். 15 டிகிரியில் இருக்கும் காற்றோடு பார்த்தால், அக்னி நட்சத்திரத்தில் நம் ஊரின் 40 டிகிரிக் காற்றில் ஏறக்குறைய 8 சதவீதம் அடர்த்தி குறைவு. டர்போ என்பது புகைக் காற்றால் சுழன்று எஞ்சினுக்குள் கூடுதல் காற்றைத் திணிக்கும் கருவி. அது இல்லாத எஞ்சின் அந்த அளவுக்குக் குறைவான ஆக்சிஜனைத்தான் உள்ளே இழுக்கும், இழுவையும் அதற்கேற்பக் குறையும். டர்போ உள்ள எஞ்சின் ஓரளவு சமாளிக்கும், ஆனால் சூடு ஏற ஏறக் கம்ப்யூட்டரே இக்னிஷனை, அதாவது தீப்பொறி விழும் நேரத்தை, பின்னுக்குத் தள்ளி எஞ்சினைக் காப்பாற்றும். ஐரோப்பாவில் வசந்த காலத்தில் ஓட்டிய ஒருவரும் துபாயில் ஆகஸ்டில் ஓட்டிய ஒருவரும் ஒரே வண்டியைப் பற்றி வேறு வேறு மாதிரி பேசினால் இரண்டு பேருமே உண்மை சொல்லியிருக்கலாம்.

இதில் நான் கண்ணால் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். ஒருவர் வீடியோ எடுக்க ஒரு வண்டியை வாடகைக்கு எடுத்திருந்தார். லாஞ்ச் கன்ட்ரோல் என்ற வசதியில், பிரேக்கையும் ஆக்சிலேட்டரையும் சேர்த்து மிதித்து, பிரேக்கை விட்டதும் வண்டி அம்பு மாதிரி கிளம்பும். அதை நல்ல வெயிலில், இடைவெளியே விடாமல் திரும்பத் திரும்பச் செய்திருக்கிறார். இரட்டைக் கிளட்ச் கியர்பாக்ஸில் ஒவ்வொரு முறையும் தகடுகளில் இறங்கும் சூடு கொஞ்சநஞ்சமில்லை. கடைசியில் கம்ப்யூட்டர் வண்டியைப் பாதுகாப்பு நிலைக்குக் கொண்டுபோய்விட்டது. எங்கள் பட்டறைக்குத்தான் இழுத்து வந்தார்கள். நாங்கள் ஆறவைத்து, ஆயில் பார்த்து, பிழைப் பதிவுகளைப் படித்தோம். எத்தனை முறை, எவ்வளவு சூட்டில் என்று அதிலேயே இருந்தது. வீடியோ வெளிவந்தபோது, 'இந்த வண்டியின் கியர்பாக்ஸ் சொதப்பல்' என்ற ஒரே வரிதான் அதில் இருந்தது. தான் என்ன செய்தோம் என்று ஒரு வார்த்தை இல்லை. அதைப் பார்த்த எத்தனை பையன்கள் இன்னும் அதை உண்மையென்று சொல்லிக்கொண்டிருக்கிறார்களோ! எனக்கு இன்றைக்கும் ஆறாத விஷயம் இது. வண்டி நின்றுபோனதை மறைக்க வேண்டாம், அதையே காட்டலாம். எதனால் நின்றது என்றும் சொன்னால் அதைவிட நல்ல பாடம் எது?

எண்களைப் பற்றி இன்னொன்று. இப்போது மின்சாரக் குடும்பக் கார்களே பழைய சூப்பர்கார்களைத் தூக்கிச் சாப்பிடும் வேகத்தில் கிளம்புகின்றன. நேர்க்கோட்டு வேகத்தை மட்டும் பேசினால் உங்களுக்குச் சீக்கிரமே பேச்சு தீர்ந்துவிடும். ஆனால் அந்த எண்ணுக்குப் பின்னால் இருக்கும் வேலையைச் சொன்னால் தீராது. காற்றைக் கிழித்துப் போகத் தேவைப்படும் திறன், வேகத்தின் மும்மடிப் பெருக்கமாக ஏறும். 300-ல் ஓட வேண்டிய திறனைப் போல 400-க்கு இரண்டேகால் மடங்குக்கும் மேல் வேண்டும். 2005-ல் வந்த புகாட்டி வேய்ரானுக்கு 8 லிட்டர், 16 சிலிண்டர், நாலு டர்போ, 1001 குதிரைத்திறன் எதற்கு என்று அப்போதுதான் புரியும். அத்தனை எரிபொருளை எரித்தால் வரும் சூட்டை வெளியே தள்ளத்தான் அதில் பத்து ரேடியேட்டர். 'பத்து ரேடியேட்டர்' என்று வாயைப் பிளப்பதோடு நிறுத்தாமல் 'ஏன் பத்து' என்று சொல்கிறவரைத்தான் நான் தேடிப் போய்ப் பார்ப்பேன்.

அடுத்தது காது. இதில் நம் ஊர்க்காரர்களுக்கு ஒரு கொடுப்பினை இருக்கிறது. என் பட்டறையிலிருந்து கூப்பிடு தூரத்தில் நரசிங்கம்பேட்டை. 2022-ல் புவிசார் குறியீடு வாங்கிய நாதஸ்வரம் அங்கேதான் ஆச்சா மரத்தில் கடைகிறார்கள். அதில் வாய் வைத்து ஊதும் சீவாளிக்குப் பேர்போனது பக்கத்துத் திருவாவடுதுறை. துளையின் அளவு மயிரிழை மாறினால் நாதம் மாறும் என்று தெரிந்தவர்கள் நடுவில் வளர்ந்தவர் எஞ்சின் சத்தத்தை 'செம சவுண்டு' என்ற இரண்டு வார்த்தையில் முடிக்கலாமா?

சத்தத்துக்குக் காரணம் உண்டு. அதைச் சொல்லத் தெரிய வேண்டும். செவ்ரோலே கொர்வெட்டின் எட்டாம் தலைமுறையில் முதலில் வந்த சாதாரண மாடலில் 6.2 லிட்டர் வி8, இசட்06 மாடலில் 5.5 லிட்டர் வி8. இரண்டும் எட்டு சிலிண்டர்தான், பக்கத்துக்கு நாலாக. முதலாவது அடித்தொண்டையில் குமுறும், இரண்டாவது ஃபெராரி மாதிரி வீறிடும். முதலாவதன் கிராங்க் ஷாஃப்டில், அதாவது பிஸ்டன்கள் சுழற்றும் தண்டில், பிஸ்டன் கம்பிகள் மாட்டும் பின்கள் 90 டிகிரி இடைவெளியில் சிலுவை மாதிரி இருக்கும். அதனால் ஒரு பக்கத்து நாலு சிலிண்டரும் சீரில்லாத இடைவெளியில் வெடிக்கும், அந்தத் தாளம் பிசகிய குமுறல்தான் நமக்குக் கேட்பது. இரண்டாவதில் பின்கள் ஒரே தளத்தில் 180 டிகிரியில். வெடிப்பு இடமும் வலமுமாக மாறி மாறிச் சீராக வரும், எஞ்சினும் நிமிஷத்துக்கு 8,600 சுற்றுவரை ஏறும். இதை ஒரு தவில்காரரிடம் சொல்லிப் பாருங்கள், ஒரே நிமிஷத்தில் புரிந்துகொள்வார்.

லெக்சஸ் எல்எஃப்ஏ என்று ஒரு வண்டி. மொத்தமே 500தான் செய்தார்கள். அதன் 4.8 லிட்டர் வி10 எஞ்சினை யமஹாவோடு சேர்ந்து உருவாக்கினார்கள். இசைக்கருவி செய்யும் அனுபவம் உள்ள குழுமம் என்பதால், சத்தத்தைச் செதுக்கும் வேலையிலும் அவர்கள் கை இருந்தது. எஞ்சின் சும்மா ஓடும் நிலையிலிருந்து 9,000 சுற்றுக்கு ஏற 0.6 விநாடிதான். முள் அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்காது என்றுதான் அதில் திரையில் ஓடும் மீட்டர் வைத்தார்கள். இன்னொரு பக்கம், 2011-ல் வந்த பி.எம்.டபிள்யூ எம்5 காரில் எஞ்சின் சத்தம் உள்ளே இருக்கும் ஸ்பீக்கர் வழியாகவும் வரும். தப்பென்று சொல்லமாட்டேன், ஆனால் எது எஞ்சின், எது ஸ்பீக்கர் என்று விமர்சகர் பிரித்துச் சொல்லியாக வேண்டும்.

அப்புறம் ஒலிப்பதிவு. போன் மைக் பெரிய சத்தம் வந்தால் தானாகவே அளவைக் குறைத்துக்கொள்ளும். 3,000 சுற்றிலும் 8,000 சுற்றிலும் ஒரே உரப்பில் கேட்கும், ஏற்றமே தெரியாது. தானியங்கி அளவை அணைத்துவிட்டு, மைக்கைக் காற்று படாமல் பின்பக்கம் மறைவாக வைத்து, கையால் அளவு வைத்துப் பதியுங்கள். எஞ்சின் பேசும்போது நீங்கள் பேசாதீர்கள். பின்னணியில் பாட்டும் வேண்டாம். கச்சேரியில் ஆலாபனை நடக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிறவரை நாம் எப்படிப் பார்ப்போம்?

தமிழில் எப்படிச் சொல்வது என்று கவலைப்பட்டிருக்கிறீர்கள். நம்மைச் சுற்றியே எல்லாம் கிடக்கிறது. 1966-ல் லம்போர்கினி மியூரா, ஓட்டுபவரின் முதுகுக்குப் பின்னால் 12 சிலிண்டர் எஞ்சினைக் குறுக்காக வைத்து வந்தது. எஞ்சினை ஏன் நடுவில் வைக்க வேண்டும்? தோளில் காவடி போட்டு இரண்டு முனையிலும் குடத்தைத் தொங்கவிட்டுக்கொண்டு சட்டென்று திரும்பிப் பாருங்கள், உடம்பு திரும்பும், குடம் திரும்பாது. அதே எடையை இடுப்போடு சேர்த்துக் கட்டினால் நினைத்த மாத்திரத்தில் திரும்பலாம். எடை நடுவில் கூடினால் வண்டி அப்படித் திரும்பும். அதே காரணத்தால், பின்சக்கரம் ஒருமுறை வழுக்கிவிட்டால் அதே வேகத்தில் சுழன்றும்விடும். நல்ல ஓட்டுநருக்குக்கூடப் பிடிக்க நேரம் இருக்காது. இந்த இரண்டாவது பாதியை விட்டுவிடாதீர்கள்.

டர்போவுக்குள் புகைக் காற்றில் சுழலும் சக்கரத்தைக் காட்டப் போகிறீர்களா? சுவாமிமலைக்குப் போய் அங்கிருந்து ஆரம்பியுங்கள். மெழுகில் உருவம் செய்து, காவிரி வண்டல் பூசி, மெழுகை உருக்கி வெளியேற்றிவிட்டு அந்த இடத்தில் உலோகம் ஊற்றும் முறை. டர்போ சக்கரமும் அடிப்படையில் அதே மெழுகு வார்ப்புதான். வண்டலுக்குப் பதில் பீங்கான் ஓடு, ஐம்பொன்னுக்குப் பதில் நிக்கல் கலவை. நிமிஷத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல், 900 டிகிரிப் புகையில் அது நிற்க வேண்டும். தஞ்சாவூர் ஓவியத்தில் தங்க ரேக்கு அழகுக்கு. 1992-ல் அறிமுகமான மெக்லாரன் எஃப்1 காரின் எஞ்சின் அறையில் தங்கத் தகடு ஒட்டியது சூட்டைத் திருப்பி அனுப்ப. அகச்சிவப்புக் கதிரைத் தங்கம் அவ்வளவு நன்றாகப் பிரதிபலிக்கும். பந்தயத்துக்குச் செய்தவற்றையும் சேர்த்து அந்த எஃப்1 மொத்தமே 106தான். ஓட்டுபவர் நடுவில், இரண்டு பேர் சற்றுப் பின்னால் இரண்டு பக்கமும். வடிவமைத்த கார்டன் மர்ரி, 2020-ல் காட்டிய டி.50 காரிலும் அதே நடு இருக்கையைத்தான் வைத்தார், கியரும் கையால் போடுவதுதான். இரண்டுக்கும் நடுவில் இத்தனை வருஷம் போயும் அந்த மனிதர் எதை விடவில்லை என்று பார்த்துச் சொல்வதற்குத்தான் வரலாறு தெரிய வேண்டும். வருஷங்களை ஒப்பிக்க அதைப் படிக்க வேண்டாம்.

'டெல்டாவில் இருந்துகொண்டு' என்று கேட்டீர்களே, அதற்கு வருகிறேன். ஃபெராரியின் மாரநெல்லோ, லம்போர்கினியின் சான்ட்'அகாட்டா, பகானியின் பட்டறை எல்லாம் இத்தாலியில் மோடெனாவைச் சுற்றி, போ ஆற்றுச் சமவெளியில் இருக்கின்றன. ஆறும் வாய்க்காலும் வயலுமாகக் கிடக்கும் தட்டை நிலம். ஃபெருச்சோ லம்போர்கினி விவசாயக் குடும்பத்துப் பிள்ளை. போருக்குப் பின் கழித்துக்கட்டிய ராணுவ வண்டிகளின் பாகங்களைக் கொண்டு டிராக்டர் செய்ய ஆரம்பித்தவர். 1948-ல் டிராக்டர் கம்பெனி, 1963-ல்தான் கார் கம்பெனி. ஆகவே டிராக்டரிலிருந்து சூப்பர்காருக்குப் போவதில் நீங்கள் கூச்சப்பட ஒன்றுமே இல்லை தம்பி. கேஜ் வீல் மாட்டி சேற்றுழவு ஓட்டுகிற நம் ஊர் டிரைவரைக் கவனித்திருப்பீர்கள். மீட்டரைப் பார்ப்பதே இல்லை. எஞ்சின் திணறும் சத்தம் காதில் விழுந்ததும் கை தானாகக் கலப்பையைத் தூக்கும். லோடு ஏறுவதைக் காதால் படிக்கிற அந்தத் திறமை உங்களுக்கு வந்துவிட்டால், எந்த எஞ்சினும் உங்களிடம் பேசும்.

இனி வண்டி எங்கிருந்து கிடைக்கிறது என்ற விஷயம். கம்பெனி தந்ததா, உரிமையாளர் தந்ததா, வாடகையா, பயணச் செலவு யாருடையது, வீடியோவை வெளியிடும் முன் யாருக்காவது காட்டினீர்களா, இதெல்லாம் முதல் நிமிஷத்திலேயே வாயால் சொல்லிவிடுங்கள், கீழே சின்ன எழுத்தில் போட வேண்டாம். 2011-ல் கிறிஸ் ஹாரிஸ் என்ற பிரிட்டிஷ் விமர்சகர் ஒரு கட்டுரை எழுதினார். பத்திரிகைகளின் சோதனைக்கு ஃபெராரி தரும் வண்டிகள் வாங்குபவருக்குக் கிடைக்கும் வண்டி மாதிரி இருப்பதில்லை, அந்தச் சோதனைக்கென்றே பாதைக்கு ஏற்ப தயார்செய்து அனுப்புகிறார்கள் என்று வெளிப்படையாக எழுதினார். இவ்வளவுக்கும் அந்த வண்டிகளை உயிராக நேசிப்பவர். எழுதினால் என்ன இழப்போம் என்று தெரிந்தே எழுதினார். இந்தத் துறையில் எனக்கு மிக மரியாதை உள்ள செயல் அது. உரிமையாளர் வண்டியென்றால் சங்கடம் வேறு மாதிரி. அவர் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார், ஆசையாக வாங்கியது, எதிரிலேயே குறை சொல்ல வாய் வராது. ஓட்டும்போது பார்த்ததை மட்டும் சொல்லிவிட்டு, தீர்ப்பைத் தனியாக உட்கார்ந்து பதியுங்கள். அப்படித்தான் செய்வேன் என்று அவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

பொதுச்சாலையில் வேகம் காட்டாதீர்கள். இதில் எனக்கு இரண்டாவது பேச்சே இல்லை. அறுவடை முடிந்தால் நம் சாலையில் பாதிக்கு நெல் காயும், அதன் ஓரத்தில் குழந்தை உட்கார்ந்திருக்கும். வேகம் வேண்டுமென்றால் சென்னைப் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் 1990-லிருந்து பந்தயப் பாதை இருக்கிறது, கோயம்புத்தூர் செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது. நாராயண் கார்த்திகேயன் கோயம்புத்தூர்க்காரர், 2005-ல் ஃபார்முலா 1 வரை போனவர். சாலையில் காட்ட வேறு நிறைய உண்டு. மூக்கைத் தூக்கும் வசதியைப் போட்டுக்கொண்டு வேகத்தடையைக் குறுக்காக ஏறி இறங்குவது, பின்கண்ணாடியில் எவ்வளவு தெரிகிறது, ஊர்ந்து போகும் நெரிசலில் கிளட்ச் எப்படி நடந்துகொள்கிறது, உள்ளே எவ்வளவு சூடு இறங்குகிறது. மெதுவாகப் போகும்போது தெரியும் வண்டியின் குணத்தைக் காட்ட அநேகம் பேருக்குப் பொறுமை இல்லை.

கேமராவைப் பற்றி அதிகம் சொல்ல எனக்குத் தகுதி இல்லை. ஒன்றே ஒன்று கேட்பேன். முகத்தைக் குறைத்து, கையையும் காலையும் காட்டுங்கள். வளைவில் ஸ்டீயரிங்கை ஒரே பிடியில் பிடித்துப் போனாரா, நடுவில் எத்தனை முறை திருத்தினார், பிரேக்கை எந்த இடத்தில் விட்டார், இதிலேயே வண்டியும் தெரியும், ஓட்டுபவரும் தெரிவார். முடிந்தால் ஜாக்கி போட்டு அடிப்பக்கத்தையும் காட்டுங்கள். மேலே பெயின்ட் பளபளப்பதை எல்லோரும் காட்டிவிட்டார்கள். கீழே காற்றை வழிநடத்தும் தட்டையான தளத்தையும் பின்னால் அது விரிந்து மேலேறும் வளைவையும் தமிழில் விளக்கிச் சொன்ன வீடியோவைத் தேடிக்கொண்டே இருக்கிறேன்.

இப்போதைக்கு ஒரு பயிற்சி செய்யுங்கள். உங்கள் வீட்டிலோ நண்பர் வீட்டிலோ இருக்கும் பழைய காரை, மாருதி 800 ஆனாலும் சரி, மன்னார்குடியிலிருந்து கும்பகோணம்வரை ஓட்டி வாருங்கள். வந்து சேர்ந்ததும், எண் எதுவும் சொல்லாமல், 'செம', 'வேற லெவல்', 'மிரட்டல்' என்ற மூன்று வார்த்தையும் இல்லாமல், அந்த வண்டியைப் பற்றிப் பத்து நிமிஷம் பேசிப் பதியுங்கள். பாலத்தின் இணைப்பில் ஏறியபோது ஸ்டீயரிங்கில் என்ன வந்தது, பஸ்ஸைத் தாண்டும்போது மூன்றாவது கியரில் எங்கே மூச்சு விட்டது, பிரேக் மிதியின் முதல் அரை அங்குலத்தில் என்ன இருக்கிறது. அதை என் வீட்டம்மா கேட்டுவிட்டு வண்டி எப்படிப்பட்டது என்று எனக்குத் திருப்பிச் சொல்ல முடிந்தால், உங்களை நம்பி ஃபெராரி சாவியைக் கொடுக்கலாம்.

அடுத்த வாரம் ஒரு டீசல் வண்டியின் டர்போவைப் பிரிக்கப் போகிறேன். சூப்பர்காரில் இருப்பதும் உள்ளே இதே அமைப்புதான். சக்கரத்தைக் கையில் எடுத்து விரலால் சுற்றிப் பார்க்கலாம். காலையிலேயே வந்துவிடுங்கள். வரும்போது ஒரு மைக்கையும் எடுத்து வாருங்கள், மாட்டி ஓடவிட்டதும் பதிந்து பார்க்கலாம்.